ஜம்புலிங்கம் அனுப்பிய மண்

பிப்ரவரி 9

மேனாம்பேட்டிலிருந்து குத்தம்பாக்கம் வரை என் மொபெட் இன்று புஷ்பக விமானமாகப் பறந்தது. நடுவில் இரண்டு முறை நின்றது. சரித்திரத்தில் அதையெல்லாம் எழுத மாட்டார்கள். உழவர் குழுவின் மண் ஆலோசகரும் சுற்றுவட்டார மண்ணுக்கெல்லாம் சக்கரவர்த்தியுமான நான், ஜம்புலிங்கத்தின் கீரைப் பாத்திக்கு எழுந்தருளினேன்.

அறுப்புக்கு அறுப்பு யூரியாவை வீசி, மண் இறுகிக் கிடக்கிறது. கடப்பாரையே அழுகிறது. குத்தகை நிலம் வேறு. "இந்தத் தபாவும் கைய உட்டா நிலத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வாட்ச்மேன் வேலைக்குப் பூடுவேன் சார்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி கஸ்தூரி. அவள் களை பிடுங்கிய வேகம்தான் பதில். பரிசோதனைக்கு மண் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 21

முடிவு வந்துவிட்டது. தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் பொங்கி வழிகின்றன! இமயம் முதல் குமரி வரை இப்படியொரு மண் கிடையாது. "யூரியாவைத் தொடாதீர்" என்று ஆணையிட்டேன். ஜம்புலிங்கம் முகத்தில் தனிப் பெருமை.

கடப்பாரை இறங்காத மண்ணில் இவ்வளவு சத்தா? இருக்கட்டும்.

மார்ச் 10

கீரை மொத்தமும் மஞ்சள். "நீங்க சொல்லித்தானே சார் நிறுத்தினேன்?" என்றார். என்னிடம் எப்போதும் நூறு பதில் இருக்கும். இன்று மொபெட்டைத்தான் கிளப்பினேன்.

மார்ச் 11

ஹாலிலிருந்து பால்கனி. பால்கனியிலிருந்து ஹால். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் அக்கா மகள் நிவேதிதா: "மாமா, உக்காருங்க. கீழ் வீட்டு சீலிங் இறங்கிடும்."

எப்படி உட்காருவது? அந்த மண்ணை எங்கே எடுத்தார் இந்த மனுஷன்? ஏன் நான் கேட்கவே இல்லை?

மார்ச் 12

காட்டினார்! மாடு கட்டும் இடம்! எருக்குழி ஓரம்! அட மகானுபாவா, அங்கே சத்து இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

"ஏன்யா அங்க போய் எடுத்தே?"

"பின்ன இன்னா சார்? பொண்ணு பாக்க வரசொல்ல கிழிஞ்ச பொடவையா கட்டி உடுவாங்க? ஆபீசருங்க பாக்கப்போற மண்ணு. நல்லதா பாத்து அனுப்பினேன்."

கஸ்தூரி அரிவாளைக் கீழே போட்டாள். "மாட்டு மூத்திரத்த அனுப்பி மானத்தைக் காப்பாத்துனியாக்கும்?"

சிரிப்பு வந்தது. மஞ்சள் பாத்தியைப் பார்த்ததும் போய்விட்டது.

மறுபடி பரிசோதனைக்கு மண் எடுக்க மூவரும் பாத்தியில் இறங்கினோம். பத்து இடத்தில் மேல் குப்பையைத் தள்ளி, ஒரு சாண் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி ஒன்றாகக் கலந்தோம். வெடித்துக் கிடந்த மூலையில் வெட்டும்போது ஜம்புலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 25

புது முடிவு வந்தது: மண்ணில் மக்கு, அதாவது மக்கிய இலைதழை, என்பதே இல்லையாம். வைத்தியம் தெரியும்: தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழ வேண்டும். அது மக்கும்வரை, இரண்டு மாதம், கீரை கிடையாது. அதைச் சக்கரவர்த்தி தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ரெண்டு மாசத்துக்கு இன்னாத்த துன்றது சார்?" என்றார் ஜம்புலிங்கம்.

கஸ்தூரி எழுந்தாள். நிலத்துக்குக் குறுக்கே நடந்து, காலால் கோடு கிழித்தாள். "இந்தப் பக்கம் பூண்டு. அந்தப் பக்கம் அளவா உரம் போட்டுக் கீரை. நீ வேலைக்குப் போறதுன்னா போ. நிலத்த நான் உட மாட்டேன்."

ஏப்ரல் 2

முளைத்ததா, இல்லையா? போனை எடுக்க மாட்டேன் என்கிறார்களே!

ஏப்ரல் 19

தக்கைப்பூண்டு என் இடுப்பு உயரம். இல்லை, முழங்கால். எழுதும்போது வளர்ந்துவிடுகிறது.

ஜம்புலிங்கத்தைக் காணோம். குடோன் ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டாராம். "போனா போறாரு அண்ணே" என்றாள் கஸ்தூரி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மே 14

மடக்கி உழுதாயிற்று. மக்க வேண்டும். மக்குமா? மூன்று நாளாக இதே கேள்வி.

ஜூன் 28

பூண்டு உழுத பாதியில் கீரை நிற்கிறது. கரும்பச்சை இல்லை, இளம்பச்சை. கஸ்தூரி பிடுங்கிய செடி வேரோடு வந்தது, வேரில் மண் பொலபொலவென்று.

மறு பாதியில் யாரோ காக்கி பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஜம்புலிங்கம்.

"வேலைய உட்டாச்சா?"

"உடல சார். ராவுக்கு குடோன் கேட்டு, பகலுக்குப் பாத்தி." துண்டு முடிச்சை அவிழ்த்து விதையைக் காட்டினார். தக்கைப்பூண்டு. "இந்தப் பாதிக்கு."

என்னிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை. திரும்பும்போது வண்டியை மெதுவாக ஓட்டினேன்.