இடது ஓரம்

மார்ச் 6

சிசேரியன் ஆபரேஷனில் குழந்தை பிறந்து ஏழாம் நாள், வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். கட்டிலை விட்டு எழுவதே பெரிய வேலையாக இருக்கிறது. பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்து... இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்கிறேன். யாராவது சிரிக்க வைத்தால் அடித்துவிடுவேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா நேற்று வந்து இறங்கிவிட்டாள். கல்யாணமான நாலு வருஷத்தில் அண்ணி என்னோடு மொத்தம் நாற்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம். இப்போது பெட்டி படுக்கையோடு வந்து, காயத்தைத் தானே துடைத்துவிடுவேன் என்கிறாள். ஏன்?

மார்ச் 7

ஆஸ்பத்திரிக் காகிதங்கள் அலமாரியில் இல்லை. "நான்தான் எடுத்தேன், மாத்திரை நேரம் பாக்க" என்றாள் அண்ணி. மாத்திரைச் சீட்டு தனியாக மேஜை மேல் இருக்கிறதே?

நான் மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கிறவள். யாரோ கைவைத்திருந்தால் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். இந்த வீட்டில் ஏதோ நடக்கிறது.

மார்ச் 9

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள். தினமும். இன்று நடந்து பழகுகிற சாக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டே கதவு வரை போனேன். "இடது பக்கம்... ஆமா... அவகிட்ட சொல்லல." என்னைப் பார்த்ததும், "சரி, வச்சிடறேன்."

என்னத்தச் சொல்லல?

ஒரு மணி நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கண், இடது காது, இடது கால் விரல்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. அப்படியானால் எனக்கா? என் வயிற்றிலிருந்து வேறு எதையாவது எடுத்துவிட்டார்களா? இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்தேன், நடுவில் திரை. அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்கென்ன தெரியும்?

அவரைக் கேட்டேன். "உனக்குத் தூக்கம் பத்தல" என்றார். எந்தக் கேள்விக்கும் இவரிடம் இது ஒன்றுதான் பதில்.

மார்ச் 10

காயத்தைத் துடைக்கும்போது எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். இன்று பாதியில் திறந்தேன். அண்ணி என் வயிற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்!

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல... மணி பாத்தேன்."

என் காதில் பூ சுற்றுகிறாள். யாருக்கு அனுப்புகிறாள்? 'பெத்துக்கத் தெம்பில்லாம வயித்தக் கிழிச்சுக்கிட்டா பாரு'ன்னு யார் யார் சிரிக்கிறாங்களோ. இனிமேல் என் காயத்தை நானே பார்த்துக்கொள்வேன், கதவைத் தாழிட்டுக்கொண்டு.

மார்ச் 12

காய்ச்சல் மாதிரி இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையை வாங்கிக்கொள்வாள். அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

மார்ச் 13

இடது ஓரத்தில் கசிகிறது. துணி உரசியிருக்கும். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். இருக்கும்தானே?

மார்ச் 15

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை விரிப்பை மாற்ற வந்த அண்ணி அப்படியே நின்றாள். மோந்து பார்த்தாள். "காட்டு" என்றாள்.

"எதுக்கு? படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பவா?" கத்திவிட்டேன். குழந்தை வீறிட்டது.

அண்ணி கதவைச் சாத்தினாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ துணியை விலக்கித் தன் அடிவயிற்றைக் காட்டினாள். நெடுக்காக ஒரு தழும்பு, கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி. நடுவில் விரல் நுழைகிற பள்ளம்.

"எனக்கும் இதே ஆபரேஷன்தான், ஒன்பது வருஷமாச்சு. தையல் பிரிஞ்சப்ப பதினோரு நாள் வாயத் திறக்கல. எல்லாருக்கும் வர்றதுதான்னாங்க என் மாமியார், நானும் நம்பிட்டேன். நினைவு தப்பினப்புறம்தான் தூக்கிட்டு ஓடினாங்க. உன் புருஷனுக்குக்கூடத் தெரியாது இது. உனக்குச் செவந்திருந்தத வந்த அன்னிக்கே பாத்தேன். என்கூடப் படிச்சவ ஒருத்தி நர்ஸா இருக்கா. அவகிட்டதான் காகிதத்தையும் படத்தையும் காட்டினேன். நாளைக்கும் செவப்பு கூடுச்சுன்னா உடனே கூட்டிட்டுப் போன்னா. அதுக்குள்ள நீ தாழ்ப்பாளப் போட்டுட்ட."

"என்னக் கேட்டுட்டு எடுத்திருக்கலாமே அண்ணி?"

"கேட்டிருக்கலாம். தப்புதான். நீ பயந்துடுவியேன்னு..."

"சொல்லாததாலதான் பயந்தேன்."

காயத்தைக் காட்டினேன். அடுத்த அரை மணியில் வண்டி. டாக்டர் ஓரத்தில் தையலைப் பிரித்துச் சீழை எடுத்துக் கழுவினார். உயிர் போய் வந்தது. அண்ணி கையைக் கொடுத்தாள், நான் பிடித்த பிடியில் அவள் விரல் வெளுத்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார் டாக்டர். நாலு நாள் தாழ்ப்பாள் போட்டவள் நான்.

வாசலில் அவர், "இல்ல, நான் தூக்கம் பத்தலன்னு..." என்று இழுத்தார். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். அவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தார்.

மார்ச் 21

வீடு. தினமும் மருந்துத் துணி வைத்துக் கட்டுகிறாள். நான் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கிறேன்.

ஏப்ரல் 2

காயம் மூடிவிட்டது. அண்ணி ஊருக்குக் கிளம்பப் பெட்டியைத் தூக்கினாள். தூக்கியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அது அப்பப்ப வரும். ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லையாம்! எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டேன். திரும்பவும் பெட்டிக்குக் கை நீட்டினாள். பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஏப்ரல் 4

காலை முழுவதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டோக்கன் பதினேழு. "போயிடலாமா?" என்று அண்ணி இரண்டு தடவை கேட்டாள். நான் காது கேட்காதவள் மாதிரி இருந்தேன்.

பதினேழு என்று கூப்பிட்டார்கள். எழுந்து இரண்டடி வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் உள்ள வாம்மா."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.