நம் மொழியில் திரும்பிய படை

பீசெக் படைமுகாம்
9 பிப்ரவரி 1919

அன்புத் தங்கை ஹெத்விகாவுக்கு,

பதினேழு வருடங்களுக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்க்கிறாய். பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடாதே. இத்தாலியப் போர்முனையில் இரண்டு விரல் போயிற்று. மற்றபடி சுகம்.

புதிய குடியரசு எனக்கு நூற்று நாற்பது பேரைக் கொடுத்திருக்கிறது. பேரரசரின் படையில் உத்தரவெல்லாம் ஜெர்மன். இப்போது எல்லாம் செக். முப்பத்தைந்து பேர் ஒரு ‘சேத்தா’, நான்கு சேத்தா ஒரு ‘ரோத்தா’, நான்கு ரோத்தா ஒரு ‘பிராபோர்’. பெயர்களைப் படித்துவிட்டேன். கத்தத்தான் வரவில்லை. நேற்று இரண்டாம் சேத்தாவைத் திரும்பச் சொன்னேன்; முதல் சேத்தா திரும்பியது, மூன்றாவது அதன் முதுகில் மோதியது. "ஐயா, பழையபடி ஜெர்மன்லயே திட்டுங்க, அதாவது புரியும்" என்றான் ஒருவன்.

மார்ச் 29 அன்று கர்னல் பார்வையிட வருகிறார். தேறாவிட்டால் ரோத்தாவைப் பறித்துக்கொண்டு என்னைக் கிடங்கில் உட்கார வைப்பார்கள். நீயோ சோகோல் உடற்பயிற்சிச் சங்கத்தில் முந்நூறு பெண்களை செக் மொழியிலேயே அணிவகுக்க வைப்பவள். வந்து உதவு.

உன் அண்ணன்
வெண்டெலின்

தாபோர்
16 பிப்ரவரி 1919

அண்ணனுக்கு,

பிரித்தேன். அதன்பின் இரண்டு நாள் பள்ளியில் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

பதினேழு வருடம் முன்பு உன் படையில் ஆட்களைப் பெயர் சொல்லி நீ அழைத்தபோது, எனக்கு நிச்சயமாகியிருந்த ஹினெக் ஜெர்மனில் ‘ஹியர்’ என்னாமல் ‘ஸ்தே’ என்றான். உள்ளேன் என்பதை நம் மொழியில் சொன்னான், அவ்வளவுதான். நீ அவன் பெயரை மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாய். எட்டு நாள் சிறை. வெளியே வந்தவன், ‘அவன் தங்கையைக் கட்ட என்னால் முடியாது’ என்று நம் வீட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். இன்று அதே மொழியில் கத்த என்னிடமே பாடம் கேட்கிறாய். சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

ஆனால் அந்த நூற்று நாற்பது பேர் எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. எனவே கேள். ஜெர்மனில் அணியின் பெயர் கன்னத்தில் அறைவதுபோல் ஒரே அடி. அடுத்த நொடி உத்தரவு. நம் பெயர்களையும் அதே வேகத்தில் எறிகிறாய். ‘இரண்டாம் சேத்தா’ என்று நிதானமாகச் சொல். பிறகு ஒரு முழு மூச்சு சும்மா இரு. அழைத்தது தன்னைத்தான் என்று வீரனுக்கு உறைக்க அந்த நேரம் வேண்டும். அப்புறம் உத்தரவு.

நான் வரமாட்டேன். எங்கள் அணித்தலைவிகள் நால்வர் ஞாயிறுதோறும் வருவார்கள்.

ஹெத்விகா

பீசெக்
16 மார்ச் 1919

ஹெத்விகா,

உன் பெண்கள் இன்றோடு நான்கு ஞாயிறு வந்துவிட்டார்கள். முதல் நாள் ஒருவன், "என்னம்மா, டான்ஸ் சொல்லித்தர வந்தீங்களா?" என்று கேட்டான். உன் அணித்தலைவி அபொலேனா அசரவில்லை. "ஆமாப்பா. முதல்ல நேரா நிக்கக் கத்துக்கோ, அப்புறம் ஆடலாம்." நால்வரும் சேத்தாவுக்கு ஒருத்தியாக நின்று உத்தரவு கத்தினார்கள். நான் வேலியோரம் நின்று மூச்சை எண்ணிப் பழகினேன்.

இன்னொன்று. அன்று அதிகாரி பக்கத்தில் நின்றார், அதனால்தான் ஹினெக்கின் பெயரை எழுதினேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நிற்கவில்லை, ஹெத்விகா. நான் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வெண்டெலின்

பீசெக்
29 மார்ச் 1919

ஹெத்விகா,

தேறினோம். எதிர்க்காற்று, சேறு, இருந்தும் ஒருவன்கூடத் தவறவில்லை. சேத்தா சேத்தாவாகத் திருப்பினேன். கடைசியில் ரோத்தா முழுவதையும் அழைத்து, மூச்சு விட்டு, உத்தரவிட்டேன். நூற்று நாற்பது பேரும் ஒரே கதவுபோல் திரும்பினார்கள்.

"இதை எங்கய்யா கத்துக்கிட்டீங்க?" என்று கர்னல் கேட்டார்.

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "என் தங்கச்சிகிட்ட."

படைப்பிரிவின் பன்னிரண்டு ரோத்தாவுக்கும் இனி உன் பயிற்சி முறைதானாம். ஏப்ரல் 27 அணிவகுப்புக்கு நீ வந்து மேடையில் அமர வேண்டும் என்கிறார் கர்னல்.

வெண்டெலின்

தாபோர்
3 ஏப்ரல் 1919

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைச் சங்கத்தில் உரக்கப் படித்தேன். முந்நூறு பேரும் கைதட்டினார்கள். ‘என் தங்கச்சிகிட்ட’ என்ற இடத்தை அபொலேனா மூன்று முறை படிக்க வைத்தாள்.

வருகிறேன். மேடை வேண்டாம் என்று கர்னலிடம் சொல்லிவிடு. திடலின் நடுவில் எனக்கு இடம் வேண்டும். நீ இரண்டாம் சேத்தாவின் முதல் வரிசையில் துப்பாக்கியோடு நில். நான் கத்துவேன், நீ திரும்ப வேண்டும். அதன்பின் நாம் சேர்ந்து சாப்பிடலாம்.

உன் தங்கை
ஹெத்விகா