சுவருக்குள் போகாத பலகை

அனுப்புநர்:
மூன்றாம் மாடி வலப்பக்க வீட்டுக்காரர்,
அச்சக மெய்ப்புத் திருத்துநர்.

பெறுநர்:
பதிவு அலுவலர் அவர்கள்,
கட்டட ஒப்பந்தக்காரர் பதிவுப் பிரிவு.

பொருள்: தங்கள் பட்டியலில் மூன்றாவதாக உள்ள ஜிப்சம் சுவர் ஒப்பந்தக்காரர், கைப்பிடிக்குப் பின்னால் வைக்க வேண்டிய மரப்பலகையை வைக்காமலே சுவரை மூடியது, அதனால் என் மாமனார் விழுந்தது, நடவடிக்கை கோருதல்.

பார்வை: என் முந்தைய மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய இரண்டு வரிப் பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதை நிதானமாக எழுத வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. முதல் மூன்று வரைவுகளை அவரே கிழித்துப் போட்டார். இது நான்காவது. இதிலுள்ள மரியாதைச் சொற்கள் அவர் சேர்த்தவை, மற்றவை என்னுடையவை.

1. என் மாமனார் முப்பத்தோரு ஆண்டு பேருந்து ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய இடது கையும் இடது காலும் சொன்னபடி கேட்பதில்லை. கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பதினோரு தப்படி. போகும்போது பிடிக்க ஒரு சுவரிலும், திரும்பும்போது பிடிக்க எதிர்ச்சுவரிலும் கைப்பிடி உண்டு. வலது கையால் பிடித்துக்கொண்டு தனியாகவே போய்வருவார். துணைக்கு யாராவது போனால் நின்றுவிடுவார். “வண்டி ஓட்டும்போது பக்கத்துல நின்னு பேசாதீங்க மாப்பிள்ளை” என்பார்.

2. கழிவறைக் குழாய் கசிந்து, போகும் பக்கத்துச் சுவரின் கடைசி நான்கடி ஊறிப்போனது. அது செங்கல் சுவரல்ல. தகரச் சட்டத்தில் ஜிப்சம் போர்டை முடுக்கி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர். தேநீரில் விழுந்த பிஸ்கட் போல ஆகிவிட்டது. குழாய்க்காரர் கசிவை அடைத்தார். சுவருக்குத் தங்கள் பட்டியலைப் பார்த்தேன். முதல் இருவர் போனை எடுக்கவில்லை. மூன்றாமவர் முதல் மணியிலேயே எடுத்தார். அதை நான் தகுதி என்று எண்ணினேன்.

3. சுவர் ரிப்பேர் செய்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு வாரம் படித்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஊறிய இடத்துக்கு மேல் எவ்வளவு தூரம் வெட்டி எடுப்பீர்கள்? பழைய போர்டும் புது போர்டும் சேரும் இடத்தில் டேப் ஒட்டுவீர்களா, வெறும் பட்டியா? பட்டி காய எத்தனை நாள் விடுவீர்கள்? மூன்றுக்கும் ஒழுங்காகவே பதில் சொன்னார். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நான்காவதுதான் முக்கியம்: கைப்பிடியின் ஸ்க்ரூ எதில் பிடிக்கும்? வெறும் போர்டில் என்றால் காலண்டர் மாட்டத்தான் ஆகும். போர்டை மூடும் முன் தகரச் சட்டங்களுக்கு இடையே நான்கடி மரப்பலகை வைத்து முடுக்குவதாகச் சொல்லி, மதிப்பீட்டுத் தாளில் தன் கையாலேயே எழுதியும் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மாமனாரிடம், “இதுல யானையைக் கட்டலாம் பெரியவரே” என்றார்.

4. போர்டை மூடிய அன்று விடுப்பு எடுத்துப் பக்கத்திலேயே நின்றேன். கேள்வித்தாளும் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “சார், நீங்க டீயைப் போடுங்க, நான் சுவரைப் போடுறேன்” என்றார். போட்டேன், ஐயா. இஞ்சி தட்டிப் போட்டேன். டம்ளரோடு திரும்பியபோது சுவர் மூடியிருந்தது. என்ன வேகம் என்று வியந்து இரண்டாவது டம்ளரும் கொடுத்தேன்.

5. வேலை முடிந்த மறுநாள் பால்கனியில் புத்தம் புதிய மரப்பலகை ஒன்று கிடந்தது. நான்கடி நீளம். நல்ல மனிதர், மிச்சத்தை மறந்துவிட்டார் என்று நானே போன் செய்து, வந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். “இருக்கட்டும் சார், வச்சுக்கோங்க” என்றார். நன்றி வேறு சொன்னேன். என் மனைவி அதை இரண்டு செங்கல் மேல் வைத்துப் பூந்தொட்டிகளை அடுக்கினார். முந்நூறு பக்கத்தில் விட்டுப்போன ஒற்றைப் புள்ளியைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சுவரில் நான்கடி விட்டுப்போனது என் கண்ணில் படவில்லை. இதைத் தாங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. அந்தப் பணியை என் மனைவி தினமும் செய்துவருகிறார்.

6. வேலை திருப்தி என்று கையெழுத்தும் போட்டேன். ஒப்பந்தக்காரர் சுவரை ஓரிடத்தில் தட்டி, “கேட்டீங்களா சார், கெட்டி” என்றார். அவர் தட்டியது தகரச் சட்டம் ஓடுகிற இடம் என்பது இப்போது தெரிகிறது. அன்று தர்பூசணி வாங்குபவனைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தேன்.

7. ஒன்பதாம் நாள் காலை ஆறேகால் மணிக்கு என் மாமனார் எழுந்து நடந்தார். ஒன்பதாவது தப்படியில் கைப்பிடி, ஸ்க்ரூவும் உள்ளங்கை அகலப் போர்டுமாகக் கையோடு வந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போனபோது தரையில் கிடந்தார். கைப்பிடியை விடவில்லை. வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. அவருக்கு மிஞ்சியிருந்த நல்ல கை அது ஒன்றுதான். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் நேரே போய் மறுபக்கப் போர்டில் விழுந்தது. நடுவில் ஒன்றுமில்லை. என் மனைவி பால்கனிக்குப் போய், பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்.

8. ஒப்பந்தக்காரரிடம் கேட்டதற்கு, “அது பிடிச்சுக்கிறதுக்கு சார், தொங்குறதுக்கு இல்ல” என்றார். தங்கள் அலுவலகமோ, மனுதாரர் திருப்தி தெரிவித்துக் கையொப்பமிட்டுள்ளதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்றது. ஐயா, நான் கையெழுத்துப் போட்டது சுவரின் வெளிப்பக்கத்துக்கு. உள்பக்கத்தைப் பார்க்கத்தான் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அவர் இன்றும் தங்கள் பட்டியலில் மூன்றாவதாகவே இருக்கிறார். பெயருக்கு எதிரே ‘பணி ஆய்வு செய்யப்பட்டது’ என்று முத்திரை இருக்கிறது. யார் ஆய்ந்தது, எதை ஆய்ந்தது? அன்று ஆய்வாளரும் டீ போடப் போயிருந்தாரா?

9. கட்டுப் பிரிக்க இன்னும் பத்தொன்பது நாள். அதன்பின் உடனே நடக்கத் தொடங்காவிட்டால் நன்றாக உள்ள காலும் நடையை மறந்துவிடும் என்கிறார் மருத்துவர். என் மாமனாரோ இனி எந்தச் சுவரையும் தொட மாட்டேன் என்கிறார். எதிர்ப்பக்கத்துக் கைப்பிடி இன்றும் உறுதியாக இருக்கிறது, அதையும் நம்பவில்லை. கட்டிலிலிருந்தே கூப்பிடுகிறார்: “மாப்பிள்ளை, தொந்தரவுக்கு மன்னிக்கணும்.” ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. நடுரோட்டில் எந்த லாரிக்காரனிடமும் மன்னிப்புக் கேட்டறியாதவர், ஐயா. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் வரிசையில் அவர் எங்குமே இல்லை. அதில் நான் இருக்கிறேன், ஒப்பந்தக்காரர் இருக்கிறார், தங்கள் அலுவலகம் இருக்கிறது. நான் கேட்டுவிட்டேன். மற்ற இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஆகவே, அந்தப் பத்தொன்பது நாளுக்குள் தங்கள் ஆய்வாளர் முன்னிலையில், வேறொருவரைக் கொண்டு சுவரைத் திறந்து பலகையை வைத்து மூட உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். என் மாமனார் எதிரே நாற்காலியில் அமர்ந்து அதைப் பார்க்க வேண்டும். சுவர் கெட்டி என்று நான் சொன்னால் இனி நம்ப மாட்டார். கண்ணால் பார்த்தால் நம்பக்கூடும். இந்த ஒப்பந்தக்காரர் மற்ற வீடுகளில் பொருத்திய கைப்பிடிகள் சோதிக்கப்படும்வரை அவரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். யாரும் அழகுக்காகக் கைப்பிடி வைத்துக்கொள்வதில்லை. திருப்திக் கையெழுத்தைச் சுவரை மூடும் முன் வாங்க வேண்டும் என்றும் ஒரு விதி செய்யுங்கள். என்னைப் போன்றவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆய்வாளர் வரும் நாளில் நான் அடுப்படிக்குப் போக மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

இடம்: வீட்டுக் கூடம், மேற்படி ஓட்டைக்கு எதிரே
நாள்: மார்ச் 18

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம், இம்முறை முழுவதும் படித்துப் பார்த்த பின்)
மெய்ப்புத் திருத்துநர்

இணைப்புகள்:
மதிப்பீட்டுத் தாளின் நகல்.
முறிந்த மணிக்கட்டின் எக்ஸ்ரே நகல்.
கைப்பிடி, ஸ்க்ரூக்களுடன்.
பலகையை இணைக்கவில்லை. அது சுவருக்குள் போக வேண்டியது.