காதில் சொன்ன பெயர்

குமாரபாளையம்
12-8-1936

அன்புள்ள பாவாயிக்கு,

செங்கோட்டு வேலவர் புண்ணியத்தில் நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இருமல் தணிந்ததா?

போன வாரம் பாவு நூலை நீட்டிக் கட்டும் பாவடியில் கஞ்சி போடும்போது, சிந்திய கஞ்சியில் வழுக்கி விழுந்தேன். பின்மண்டை கல்லில் பட்டது. ரத்தம் வரவில்லை, பயப்படாதே. டாக்டர் பார்த்துவிட்டு, "மண்டை உடையலப்பா, உள்ளே மூளை குலுங்கியிருக்குது. மூணு வாரத்துக்கு வெளிச்சம், சத்தம் ஆகாது. தறிப் பக்கமே போகாத" என்றார். ஆறு தறி ஓடும் வீட்டில் சத்தத்துக்கு எங்கே ஒளிவேன்?

நான்காம் நாளே தறியில் உட்கார்ந்துவிட்டேன். தறி முதலாளி அர்த்தநாரி அண்ணன் வந்து, "ஏனப்பா, முந்தானை நடுவுல வருதே, கண்ணு தெரியலையா?" என்றார். முந்தானைச் சிவப்பை ஒரு முழம் சேலையின் நடுவே நெய்திருக்கிறேன். அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.

உன் பழைய கறுப்புச் சேலையில் ஒரு துண்டு அனுப்பு, கண்ணில் கட்டிக்கொள்ள. இங்கேயும் துணி இருக்கிறது. ஆனாலும் அனுப்பு.

இதை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. எழுத்துக் கூட்டியாவது நீயே படி. முந்தாநாள் அர்த்தநாரி அண்ணன் நம் குழந்தையின் பெயரைக் கேட்டார். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து தெரிந்த பெண்பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் அவளுடையதாகத் தோன்றவில்லை. தை மாதம் மடியில் வைத்து, மூன்று தரம் அவள் காதில் சொன்னவன் நான்தான் பாவாயி.

கார்டில் வேண்டாம், ஒட்டிய கவரில் போடு. தபால்காரர் வந்துவிட்டார். வேறொன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெயரை மட்டும் பெரிதாக எழுது.

செங்கோடன்