மூன்றாம் சுற்றில் எடுக்கலாம்

மனோர் பார்க், லண்டன்
19.01.1992

அன்புள்ள தம்பி பாஸ்கரனுக்கு,

முருகன் புண்ணியத்தில் நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் கடிதத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது, அதுவும் அரைப் பக்கம்தான் வருகிறது. அத்தானுக்குப் பெற்றோல் ஸ்ரேஷனில் இன்னும் அதே ஷிப்ட்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நோர்பரியில் கனகாம்பிகை அக்கா என்று ஒருவர். அவருடைய மகள் சிவமலருக்கு இருபத்தொன்பது வயது, கவுன்சிலில் வேலை, நல்ல வடிவு, வாய் குறைவு. உன் சாதகக் குறிப்பும் அவளுடைய குறிப்பும் எழுபத்தைந்து வீதம் பொருந்துகிறது. இந்த ஒன்பது வருடத்தில் நான் உனக்குப் பார்த்த பெண்களில் இவ்வளவு பொருத்தம் எவளுக்கும் வரவில்லை. உனக்கு வயது முப்பத்தாறு. இதுவும் தவறினால் இனி நான் யாரிடம் போய்க் கேட்பது?

அவர்கள் உன் விவரம் கேட்கிறார்கள். உயரம், நிறை, படிப்பு, வேலை, பழக்கவழக்கம் எல்லாம் ஆங்கிலத்தில் ரைப் பண்ணி அனுப்பு. வழக்கம்போல "பார்ப்போம்" என்று மட்டும் எழுதிவிடாதே.

அன்பு அக்கா,
சிவனேஸ்வரி


ஒமாஹா
02.02.1992

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே முழங்கால் வரை பனி. அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட விவரத்தை ஒட்டிய கவரில் வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எழுத்துப் பிழை பார்க்க நேரமில்லை. இது எங்களுக்குத் தலை நிமிர முடியாத காலம். கல்லூரிகளில் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடும் பையன்களில் யாரை எந்தக் கழகம் எடுப்பது என்று ஏப்ரல் கடைசியில் தெரிவு நடக்கும். சுற்றுச் சுற்றாக, கழகத்துக்கு ஒருவராக எடுப்பார்கள். அதற்கு முன்பு முன்னூறு பையன்களை அளந்து, நிறுத்து, ஓடவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு அறிக்கை எழுத வேண்டும். கணக்குப் பார்ப்பது என் வேலை. இந்த முறை நான் பிழைவிட்டால் என்னை வைத்திருக்க மாட்டார்கள் என்று எங்கள் தலைவர் ஹால்வர்சன் சிரிக்காமல் சொல்லியிருக்கிறார்.

சிவமலர் விஷயம்: பார்ப்போம்.

அன்புடன்,
பாஸ்கரன்


மனோர் பார்க்
16.02.1992

தம்பி,

இந்த முறை அன்பு முன்னால் வரவில்லை, மன்னித்துக்கொள்.

கவரைப் பிரிக்காமல் கொடுப்பதுதான் மரியாதை என்று, நீ ஒட்டியபடியே கொண்டுபோய்க் கனகாம்பிகை அக்காவின் கையில் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்து, வடை தின்று, சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். சப்பாத்தைக் கழற்றவில்லை, ரெலிபோன் அடித்தது.

"சிவனேஸ்வரி, உம்மடை தம்பி ஆறடி அஞ்சு அங்குலமாம். இருநூற்றித் தொண்ணூற்றைஞ்சு றாத்தலாம். எங்கடை வீட்டுக் கதவாலை வருவாரோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொடர்ந்து வாசித்தார். ஒரு கையின் அகலம் பத்தரை அங்குலம். நாற்பது யார்ட் தூரத்தை ஐந்து செக்கனில் ஓடுவார், ஆனால் திரும்பச் சிரமப்படுவார். எதிரே நிற்பவரைக் கழுத்துக்குக் கீழே பிடித்துத் தள்ளுவதில் கெட்டிக்காரர். இடது முழங்காலில் ஒப்பரேஷன். இன்னும் கொஞ்சம் மூர்க்கம் தேவை.

"இன்னும் மூர்க்கம் தேவையாம்! இருக்கிறது காணாதோ? கடைசியிலை என்ன எழுதிக் கிடக்கு தெரியுமோ? மூன்றாம் சுற்றிலை எடுக்கலாமாம், அதுக்கு முன்னம் எடுத்தால் நட்டமாம். முதல் ரெண்டு சுற்றிலும் இவரை வேண்டாம் எண்டு விட்ட ஆக்கள் ஆர்?"

ஒன்பது வருடம் உன்னைக் காணவில்லை. அமெரிக்காச் சாப்பாடு ஆளை வளர்க்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் முப்பது வயதுக்குப் பிறகு ஒரு அடி வளருமா? அத்தான் சொன்னார், "முழங்காலை மறைக்காமல் எழுதியிருக்கிறான், அந்த நேர்மையைப் பாரும்."

உடனே பதில் எழுது. முடிந்தால் உன் படமும் வை, முழு உருவமாக.

அக்கா


ஒமாஹா
27.02.1992

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வளரவில்லை. ஐந்தடி ஐந்துதான், ஐம்பத்தெட்டுக் கிலோதான்.

நடந்தது இதுதான். அன்றைக்கு மேசையில் இரண்டு கவர்கள் இருந்தன. நாற்பத்தேழாம் இலக்கப் பையனின் அறிக்கை ஹால்வர்சனுக்குப் போக வேண்டியது. வேறு கழகங்கள் அறியக் கூடாது என்று நாங்கள் பெயர் போடுவதில்லை, இலக்கமும் கல்லூரி இருக்கும் ஊரும் மட்டும்தான். அது நோர்பரிக்கு வந்துவிட்டது. என் விவரம் ஹால்வர்சனிடம் போய்விட்டது, அதிலும் அவசரத்தில் நான் பெயர் போட மறந்திருந்தேன்.

அவர் அதை ஒரு வீரனின் அறிக்கை என்றே நினைத்து, சிவப்புப் பேனாவால் ஓரத்தில் குறிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். உயரம்: பயனில்லை. நிறை: தவறாக இருக்க வேண்டும், திரும்ப நிறுக்கவும். வயது முப்பத்தாறு: இவன் கல்லூரியில் எத்தனை வருடம் படிக்கிறான்? வெள்ளிக்கிழமை மாமிசம் உண்ணார்: ஏன்? நட்சத்திரம் ரோகிணி: இது எந்த மாநிலம்? முடிவாக, எந்தச் சுற்றிலும் எடுக்க வேண்டாம். அதன் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார், "நேர்மையான பையன்போலத் தெரிகிறது. தண்ணீர் கொண்டுவர வைத்துக்கொள்ளலாம்."

கூட்டத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் அது நான்தான் என்று சொல்ல வேண்டி வந்தது.

சரியான விவரத்தை இத்துடன் அனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை, வாசித்துவிட்டுக் கொடுங்கள். கனகாம்பிகை அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பாஸ்கரன்


மனோர் பார்க்
29.03.1992

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்துபோய்க் குசினிக்குள் நின்று சிரித்தார். கனகாம்பிகை அக்காவும் சமாதானம் ஆகிவிட்டார். ஐந்தடி ஐந்து அவருக்குப் பெரிய ஆறுதல்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உயரம் பார்த்து, நிறை பார்த்து, பழக்கம் பார்த்து, நோய் நொடி பார்த்து, எடுக்கலாமா விடலாமா என்று இருந்து கதைப்பதுதானே உன் வேலை? இதை நான் ஒன்பது வருடமாகச் சம்பளம் இல்லாமல் செய்கிறேன்.

ஆனால் நீங்கள் ஒரு விஷயத்தில் எங்களிடம் படிக்க வேண்டும். நீங்கள் அளக்கிறீர்களே தவிர விசாரிப்பதில்லை. கனகாம்பிகை அக்கா அந்த முதல் அறிக்கையைப் பார்த்த அன்றே விசாரணையைத் தொடங்கிவிட்டாராம். அவரோடு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வேலை செய்த அஞ்சலீனா என்ற நேர்ஸ் அந்தக் கல்லூரி ஊரில்தான் இருக்கிறாராம். எங்கள் ஆட்கள் இல்லாத ஊர் எது? உண்மை தெரிந்த பிறகு நிறுத்தச் சொல்லியிருக்கலாம், ஆனால் தொடங்கின விசாரணையை நிறுத்த எங்களுக்குத் தெரியாது. பதில் ஐந்து பக்கத்தில் வந்திருக்கிறது. உனக்குத் தேவையானதை எழுதுகிறேன்.

அந்த உயரத்தில் அந்த ஊரில் ஒருவர்தானாம், கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பெயர் டக். தமிழர் இல்லை. குடி இல்லை, சூது இல்லை. வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி நல்ல சாட்சி சொல்கிறார். தாய்க்கு ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுக்கிறார். விடிய முன் எழும்பி ஒரு பேக்கரிக்குப் போய்ச் சும்மா மாப் பிசைந்து கொடுக்கிறாராம். அஞ்சலீனா பாண் வாங்கப் போன இடத்தில் பேக்கரிக்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். அந்தப் பையனுக்கு விளையாட்டில் துளி விருப்பமும் இல்லையாம். தகப்பனுக்காக ஆடுகிறாராம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல்நாள் சத்தி எடுப்பாராம். அவருக்குப் பேக்கரி வைக்கத்தான் ஆசையாம்.

இவ்வளவு அளந்தீர்களே, இதை அந்தப் பிள்ளையிடம் ஒருவரும் கேட்கவில்லையா?

சிவமலர் வீட்டில் ஓகஸ்ட் மாதம் நல்லது என்கிறார்கள். நீ ஒரு வார்த்தை எழுதினால் கல்யாண ஹோல் பதிவு செய்வேன்.

அன்பு அக்கா,
சிவனேஸ்வரி


ஒமாஹா
03.05.1992

அன்புள்ள அக்காவுக்கு,

தெரிவு முடிந்துவிட்டது. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஹால்வர்சனிடம் அஞ்சலீனாவின் விசாரணையைச் சொன்னேன். யார் இந்த ஆய்வாளர், எந்தக் கழகத்துக்கு வேலை செய்கிறார் என்று கேட்டார். கல்யாண விசாரணை செய்யும் நேர்ஸ் என்றேன். அவர் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். இருபத்தாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறார், விருப்பமா என்று ஒரு பையனையும் கேட்டதில்லையாம். விருப்பமில்லாமல் ஒருவன் இருப்பான் என்று தோன்றவே இல்லையாம்.

அப்போதே அந்தப் பையனுக்கே ரெலிபோன் எடுத்து, ஆட விருப்பமா என்று கேட்டார். "இல்லை, சேர்" என்று ஸ்பீக்கரில் ஒரு குரல். அவ்வளவு பெரிய ஆளுக்கு அவ்வளவு சின்னக் குரலா என்று இருந்தது. ஹால்வர்சன் நன்றி சொல்லி வைத்துவிட்டு, நாற்பத்தேழின் அட்டையைத் தெரிவுப் பட்டியல் ஒட்டிய சுவரிலிருந்து எடுத்தார்.

வேறொரு கழகம் டக்கை ஐந்தாம் சுற்றில் எடுத்தது. அவர் போகவில்லை. எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலையை நீட்டித்திருக்கிறார்கள். அடுத்த வருடத்துக்கு அஞ்சலீனா கிடைப்பாரா என்று கேட்கிறார்கள்.

அக்கா, நீங்கள் கேட்ட கேள்வியை உங்களிடமே கேட்கிறேன். சிவமலரை யாராவது கேட்டீர்களா?

அன்புடன்,
பாஸ்கரன்


மனோர் பார்க்
17.05.1992

அன்புள்ள தம்பிக்கு,

உன் கேள்வி இரண்டு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை. கனகாம்பிகை அக்காவைக் கேட்டிருக்கிறேன், அவருடைய கணவரை, அவர்களின் பக்கத்து வீட்டை, சாத்திரியாரை இரண்டு தடவை. சிவமலரிடம் நான் கேட்டதெல்லாம் "தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு பிள்ளை?" என்பது மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை அவள் முருகன் கோயிலுக்கு வந்திருந்தாள். செருப்பு வைக்கும் இடத்தில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"இல்லை அன்ரி," என்றாள், உடனேயே. "உங்கடை தம்பியிலை ஒரு பிழையும் இல்லை. அந்த இருநூற்றித் தொண்ணூற்றைஞ்சு றாத்தல்காரரிலையும் பிழையில்லை. எனக்கு இப்ப வேண்டாம். நான் எக்கவுன்ரன்சிப் படிப்பு முடிக்க வேணும்."

"அப்ப ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆர் அன்ரி கேட்டவை?"

அவமானமாக இருந்தது தம்பி. அவள் தாயிடம் நானே போய்ச் சொன்னேன். கனகாம்பிகை அக்கா இப்போது என்னோடு பேசுவதில்லை. அது சரியாகும், அவருக்கு வேறு யாரோடு இவ்வளவு நேரம் கதைக்க முடியும்?

வெட்கத்தை விட்டு உன்னையும் கேட்டுவிடுகிறேன். ஒன்பது வருடத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. உனக்குக் கல்யாணம் செய்ய விருப்பமா? "பார்ப்போம்" வேண்டாம்.

அக்கா


ஒமாஹா
31.05.1992

அன்புள்ள அக்காவுக்கு,

விருப்பமில்லை. இந்தப் பெண் என்றில்லை, எந்தப் பெண்ணும். இன்றைக்கு என்றில்லை, என்றைக்கும். எந்த ரகசியமும் இதில் இல்லை. தனியாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மாலையில் அறைக்கு வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, கணக்கை விரித்துக்கொண்டு இருக்கும்போது நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

இதை முதல் வருடமே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பயம். நீங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பெண் இருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு எழுத எதுவும் இருக்காதே, கடிதம் நின்றுவிடுமே என்று நினைத்தேன். இங்கே எனக்குத் தமிழில் எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் ஒவ்வொரு முறையும் "பார்ப்போம்" என்று எழுதினேன். அந்தப் பெண்களுக்கும் உங்களுக்கும் நான் செய்தது பிழை.

இனி நீங்கள் எழுதாவிட்டால் அது நியாயம்தான். ஆனால் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
பாஸ்கரன்


மனோர் பார்க்
12.07.1992

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், எழுதாமல் இருந்தேன். முதல் இரண்டு கிழமையும் கோபம். எத்தனை வீட்டில் உனக்காகப் பல்லைக் காட்டியிருப்பேன் என்று எண்ணி எண்ணிக் கோபம். மூன்றாம் கிழமை அழுதேன். அத்தான், "அவன் என்ன, செத்தா போனான்? கடிதத்தை எழுதும்" என்றார்.

எழுத உட்கார்ந்தால் "அன்புள்ள தம்பிக்கு" என்பதற்கு அடுத்த வரி வரவில்லை. மூன்று ஏரோகிராம் வீணாகப் போனது. கல்யாணத்தை எடுத்துவிட்டால் உன்னைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியவில்லை. உன் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா, உனக்குக் கூட்டாளி என்று யாராவது உண்டா, ஒன்றும் தெரியாது. உன் நட்சத்திரமும் பாதமும் மட்டும் தெரியும். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

நேற்று நகைக்கடைக்காரரின் மனைவி மெற்றில்டா தமிழ்க் கடையில் எல்லோர் முன்னாலும், "தம்பிக்கு எப்ப கலியாணம்?" என்று கேட்டார். "அவனுக்கு விருப்பமில்லை, நாங்கள் பாக்கிறதை விட்டிட்டம்" என்றேன். கூரை இடிந்து விழும் என்று நினைத்தேன். அவர் "ஓ" என்று சொல்லிவிட்டு வெங்காய விலை கதைக்கத் தொடங்கினார். இவ்வளவுதானா தம்பி? இதற்கா ஒன்பது வருடம்?

லைப்ரரியில் உங்கள் விளையாட்டு வீடியோ ஒன்று எடுத்துவந்து, நானும் அத்தானும் முழுவதும் பார்த்தோம். எல்லோரும் குனிந்து நிற்கிறார்கள், மோதுகிறார்கள், விழுகிறார்கள், பிறகு வெகுநேரம் கூடி நின்று யோசிக்கிறார்கள். "எங்கடை சங்கக் கூட்டம் மாதிரிக் கிடக்கு" என்றார் அத்தான். எனக்கு ஒரு கோதாரியும் விளங்கவில்லை. ஆனால் முன்வரிசையில் நிற்கும் பெரிய பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பந்து அவர்கள் கைக்கு ஒருமுறைகூட வரவில்லை. அவர்கள் ஏன் நிற்கிறார்கள்? அதை முதலிலிருந்து எழுது. பக்கம் கூடினாலும் பரவாயில்லை, எனக்கு வாசிக்க நேரமிருக்கிறது.

உன் அக்கா,
சிவனேஸ்வரி