எல்லாவற்றுக்கும் அக்கா

செவ்வாய், ஜமுனாமரத்தூர்.

டிஸ்க்கை இயக்க நான் எழுதிய டிரைவர் நிரல் ஏன் திணறுகிறது என்று இன்றுதான் பிடிபட்டது. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் டிஸ்க் ப்ராசஸரைக் கூப்பிடும். வேலைகள் காத்திருக்க எட்டு வரிசை; அழைப்பைக் கவனிக்க ப்ராசஸருக்குள் எட்டு கோர். சோதனைக்காக எல்லா அழைப்பையும் முதல் கோருக்கே திருப்பிவிட்டு, மாற்ற மறந்தவன் நான்தான். அது ஒன்று மூச்சு முட்ட, மற்ற ஏழும் சும்மா கிடந்தன. வரிசைக்கொரு கோர் என்று பிரித்ததும் சீராகிவிட்டது.

மனம்தான் சீராகவில்லை. சின்ன வயதில், பங்குனி வந்தால் வீடெல்லாம் புளி வாசனை. பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தோம். புளி தட்டவும், அவிழ்ந்த ஆட்டைப் பிடிக்கவும் கூப்பிட்டது அக்காவைத்தான். ஒரு வருஷம் அதனாலேயே அவள் பத்தாவது பரீட்சைக்கே போகவில்லை.

சாயங்காலம் அக்காவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன்.

"நாலு பேரும் வூட்லதான இருந்தீங்க? ஒருத்தராவது எய்ந்து வந்தீங்களாடா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.