ஒன்றேகால் கிலோவுக்கு ஒரு சட்டை

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம். மற்றபடி நலமா இல்லையா என்பதை நீ போன் செய்து குட்டியின் எடையைச் சொன்ன பிறகுதான் எழுத முடியும்.

அங்கே வர எங்களுக்கு விசா இன்னும் வந்தபாடில்லை. அப்பா தினமும் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு, "பாத்துட்டு இருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறார். எனக்கும் ஒரு வேலை ஓடவில்லை. இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டாள், ஒன்றேகால் கிலோதான் என்று மாப்பிள்ளை சொன்ன நாளிலிருந்து கத்திரிக்கோல் நேராகப் போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் போன வருஷம் நீ அனுப்பி, நான் உறை போட்டு மூடி வைத்திருந்த துணி வெட்டும் மெஷினைத் திறந்தேன். துணியைப் பிசுபிசுப்பான அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டி, போனில் என் சட்டைக் கோட்டை வரைந்து, பிறந்த குழந்தை அளவைப் போட்டு அமுக்கினேன். கத்தி கிர்ரென்று போய் வந்தது, கழுத்து வளைவெல்லாம் கச்சிதம். தைத்துப் பார்த்தால் சட்டை என் விரித்த கையளவுக்குச் சுருங்கிவிட்டது! முப்பது வருஷமாகத் தையலுக்கு விடவேண்டிய துணியைக் கோட்டில் சேர்க்காமல் கண்ணாலேயே விட்டு வெட்டியவள் நான். மெஷினுக்கு என் கண் தெரியுமா, போட்ட கோட்டிலேயே வெட்டிவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "என்ன இது, பொம்மைக்கா?" என்றார். எனக்கு வந்ததே கோபம், கத்திவிட்டேன். பிறகு நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி, அவள் நெஞ்சையும் நர்ஸின் விரலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தச் சட்டைகூட அவளுக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும். அவள் எவ்வளவு சின்னவள் என்று அப்போதுதான் உறைத்தது. அழுதேன், மறைப்பானேன். அப்பா வந்து ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தார்.

அந்தச் சட்டையை இதோடு அனுப்புகிறேன். முன்பக்கம் முழுக்கத் திறக்கும்படி நாடா வைத்திருக்கிறேன், குழாய்களுக்கு இடைஞ்சல் இருக்காது. துவைத்துத்தான் வைத்தேன், இருந்தாலும் நர்ஸைக் கேட்டுவிட்டு நீயும் சுடுதண்ணீரில் ஒருமுறை அலசிவிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணாடிப் பெட்டி பக்கத்திலேயே நாற்காலியில் முடங்கித் தூங்காதே, பச்சை உடம்பு, முதுகு பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளையையும் கொஞ்ச நேரம் மாற்றி உட்காரச் சொல்.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பாய். அதற்கப்புறமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையலுக்கு விடும் துணியைக் கோட்டிலேயே சேர்த்துவிட்டு, அளவை மட்டும் மாற்றி மாற்றி மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வயது என்று வெட்டிக்கொண்டே போனேன். "போதும், காலேஜ் வரைக்கும் வெட்டிருவ போலிருக்கே" என்று அப்பா சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. ஐந்து வயதில் துணி தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் வயது எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன், ஒன்றையும் தைக்கவில்லை, தைக்கத் துணிச்சல் வரவில்லை.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு. மறந்துவிடாதே, நூறு கிராம் கூடினாலும் நேரம் பார்க்காமல் போன் பண்ணு. அன்றைக்கே அடுத்த சட்டையைத் தைக்கத் தொடங்குவேன்.

உன்னையும் அவளையும் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா